மொட்டை மாடி ஏசியின் 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்: ஏன் எரிகிறது, எப்படிக் காப்பது

மாடியில் நிற்கும் பத்து டன் பேக்கேஜ் யூனிட் நின்றுபோனால் முதலில் கேஸ் பார்ப்பார்கள், அடுத்து கம்ப்ரசர் டெர்மினலில் ஓம் பார்ப்பார்கள். பேனலின் மூலையில் உள்ளங்கை அளவில் உட்கார்ந்து, லைன் வோல்ட்டேஜை 24-க்குக் குறைத்து மெஷினின் கண்ட்ரோல் சர்க்யூட்டுக்குக் கொடுக்கும் கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கண் கடைசியில்தான் போகும். அது எரிந்திருப்பது தெரிந்ததும் புதிது ஒன்றை மாட்டி, மெஷின் ஓடியதும் இறங்கிவிடுவார்கள். இரண்டு வாரத்தில் அதே மண்டபத்திலிருந்து, அதே ஜவுளிக் கடையிலிருந்து மறுபடி போன் வரும். இந்த டிரான்ஸ்ஃபார்மர் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். வேறெங்கோ இருக்கும் கோளாறு அதன் தலையில் விடிகிறது. அந்தக் கோளாற்றைக் கண்டுபிடிக்காமல் புதிதை மாட்டினால் புதிதும் போகும். சில சமயம் கம்ப்ரசரையும் கூட்டிக்கொண்டு போகும்.

இந்திய டக்டபிள் (குழாய் வழியே காற்று அனுப்பும்) மெஷின்கள் பலவற்றில் கண்ட்ரோல் சர்க்யூட் நேரடியாக 230 வோல்ட்டில்தான் ஓடுகிறது. அமெரிக்க வழி வடிவமைப்பில் வந்த மாடி யூனிட்கள், கட்டட மேலாண்மை அமைப்போடு இணைத்த மெஷின்கள், 24 வோல்ட் தெர்மோஸ்டாட் வைத்தவை, இவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் இருக்கும். 40, 75, 100 விஏ (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய அளவு) என்ற மூன்று அளவுகள்தான் அதிகம் கண்ணில் படும். 24 வோல்ட்டில் 40 விஏ என்றால் 1.7 ஆம்பியர், 75 விஏ என்றால் 3.1 ஆம்பியர், 100 விஏ என்றால் 4.2 ஆம்பியர். இதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

முதலில் டேப் விஷயம். லைன் நுழையும் பக்கமான பிரைமரியில் 380, 415, 440 என்று வயர்கள் தனித்தனி நிறத்தில் வந்திருக்கும், இவைதான் டேப். எந்த வயரில் லைனைக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் வெளியேறும் பக்கமான செகண்டரியில் 24 வரும். மெஷின் பெட்டியில் வந்தபோது எந்த டேப்பில் இருந்ததோ அதிலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். லைனில் 432 வோல்ட் இருக்கும்போது 380 டேப்பில் கொடுத்தால் செகண்டரியில் 27.3 வரும். உள்ளே இருக்கும் இரும்பு அளவுக்கு மீறிக் காந்தமேறி, இரைச்சலும் சூடும் கூடும். அதுவே லைன் 385-க்கு இறங்கும் இடத்தில் 440 டேப் என்றால் 21 வோல்ட்தான். கம்ப்ரசருக்கு கரண்ட் கொடுக்கும் காந்த ஸ்விட்ச்தான் கான்டாக்டர். அதன் காயில்கள் பொதுவாகத் தங்கள் வோல்ட்டேஜில் 85 சதவீதத்துக்குக் கீழே உறுதியாக இழுக்காது. 24-க்கு அது 20.4. 21 என்பது விளிம்பில் நிற்கும் நிலை.

திருப்பூர், பல்லடம், சோமனூர், சென்னிமலை பக்கம் ஒரு வேளை மட்டும் அளந்து டேப் போடுவது சரியாக வராது. தறிகளும் நிட்டிங் மெஷின்களும் ஓடும் வேலைநாள் மதியம் ஒரு வோல்ட்டேஜ், எல்லாம் நின்ற ஞாயிறு இரவு வேறு வோல்ட்டேஜ். இரண்டு வேளையும் அளக்க வேண்டும். அளக்கும்போது கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மல்டிமீட்டரில் குறைந்தபட்சம், அதிகபட்சம் பதிவாகும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிட்டு கம்ப்ரசர் எழும் நொடியையும் பிடிக்கலாம். ஓடும்போது 410 காட்டும் லைன், எழும் நொடியில் 355-க்கு விழுந்தால் 415 டேப்பில் 20.5 வோல்ட்தான் மிஞ்சும். இதுவும் விளிம்புதான், இதற்கும் கீழே போனால் கான்டாக்டர் விட்டுவிடும். விட்டதும் லோடு போய் லைன் ஏறும். ஏறியதும் மறுபடி இழுக்கும். ‘டர்ர்ர்’ என்ற சத்தம் அதுதான். அந்தச் சத்தத்தில் ஒவ்வொரு அடியிலும் கான்டாக்டர் முனைகளில் பொறி பறக்கும், முனை உருகி ஒட்டும். மூன்றில் இரண்டு ஒட்டிக்கொண்டால், தெர்மோஸ்டாட் நிறுத்தச் சொன்ன பிறகும் கம்ப்ரசருக்கு அரைகுறையாக கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். வைண்டிங் தாங்காது.

இப்படி விழும் லைனுக்கு டேப் மாற்றி மட்டும் சமாளிக்கப் பார்க்கக் கூடாது. தரைத்தளத்து மெயின் பேனலிலிருந்து மாடி ஐசொலேட்டர் (மெஷினின் மெயின் ஸ்விட்ச்) வரை அலுமினியம் கேபிள் போயிருக்கும். அதன் இரு முனையிலும் மாட்டிய உலோகக் காதுகளான லக்குகளையும் பார்க்க வேண்டும். காப்பர் டெர்மினலில் வெறும் அலுமினியம் லக்கை முடுக்கியிருந்தால் மழைக்கும் வெயிலுக்கும் அந்த இடம் பூத்து லூசாகியிருக்கும். பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் காப்பர்) போட்டு, கிரிம்ப் அடித்து, ஒரு மாதம் கழித்து மறுமுடுக்கு கொடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

இன்னொன்று, கரண்ட் போய் வரும்போது மாடியில் இருக்கும் நாலு மெஷினும் ஒன்றாக எழுவது. ஒவ்வொன்றிலும் டிலே டைமரை 3, 4, 5, 6 நிமிடம் என்று மாற்றி வைத்தாலே லைன் விழுவது வெகுவாகக் குறைந்துவிடும். ஜெனரேட்டரில் ஓடும் மண்டபத்துக்கு இது கட்டாயம்.

ஃபேஸ் தேர்வில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரைமரி 230 வோல்ட் உள்ள டிரான்ஸ்ஃபார்மரை ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே கொடுப்போம். கட்டடத்தின் மெயின் நியூட்ரல் லூசானால் லோடு குறைவான ஃபேஸில் வோல்ட்டேஜ் 300-ஐத் தாண்டி ஏறும். முதலில் எரிவது இந்த டிரான்ஸ்ஃபார்மரும் அதன் பின்னால் இருக்கும் கண்ட்ரோல் போர்டும்தான். பழைய கடைத்தெருக் கட்டடங்களில் நியூட்ரலை நம்ப முடியாது. 415 பிரைமரி வாங்கி இரண்டு ஃபேஸ் நடுவே கொடுப்பதையே நாங்கள் பரிந்துரைப்போம். அப்போது நியூட்ரல் போனாலும் கண்ட்ரோலுக்குச் சேதமில்லை. ஆனால் அந்த இரண்டு ஃபேஸையும் சேராத மூன்றாவது ஃபேஸ் போனால் கண்ட்ரோல் உயிரோடு இருக்கும், கம்ப்ரசர் இரண்டு ஃபேஸில் முனகும். ஆகவே ஒரு ஃபேஸ் போனதும் மெஷினை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் ரிலே இல்லாமல் இந்த முறையில் இணைக்கவே கூடாது. அந்த ரிலேயின் கான்டாக்டை 24 வோல்ட் வரிசையில் முதலாவதாகப் போட வேண்டும்.

ஃபியூஸில் நடக்கும் தவறு ஆபத்தானது. கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் பெரும்பாலும் 250 வோல்ட்டுக்கானது. அதை 415 பிரைமரியில் போட்டால், ஷார்ட் ஆகும்போது உள்ளே பொறி அணையாமல் குழாய் வெடிக்கலாம். பிரைமரிக்கு 10க்கு 38 மில்லிமீட்டர் எச்ஆர்சி (பெரிய ஷார்ட்டையும் வெடிக்காமல் அறுக்கும் ஃபியூஸ்), 500 வோல்ட், 1 ஆம்பியர் போடுவது நல்லது. 75 விஏ-க்கு ஓடும் கரண்ட் 0.18 ஆம்பியர்தான் என்றாலும் ஆன் செய்த நொடியில் பல மடங்கு இழுக்கும், அதற்காக இந்த இடைவெளி. செகண்டரியில் 75 விஏ-க்கு 3 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ (சற்றுத் தாமதித்துப் போகும் ஃபியூஸ்), 100 விஏ-க்கு 4 ஆம்பியர். இங்கே கண்ணாடி ஃபியூஸ் தாராளமாகப் போடலாம். செகண்டரி ஃபியூஸ் இல்லாமல் வந்த மெஷினில் ஒன்றை நாமே சேர்த்துவிட வேண்டும். சில ரூபாய் ஃபியூஸ் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்கும். மறுபடி மறுபடி போகிறதென்று 10 ஆம்பியர் போட்டாலோ வயரை முறுக்கி வைத்தாலோ, பிழைக்க வழியில்லை.

செகண்டரியின் ஒரு முனையை எர்த்தில் இணைப்பது வழக்கம். எந்த முனை என்பதில்தான் கவனம் வேண்டும். காயில்களின் பொது முனை போய்ச் சேரும் ‘சி’ பக்கம்தான் எர்த் ஆக வேண்டும். அப்படியிருந்தால் கண்ட்ரோல் வயர் எங்காவது பாடியில் பட்டவுடன் ஃபியூஸ் போகும், மெஷின் நிற்கும். மாற்றி, ஸ்விட்சுகளுக்கு கரண்ட் புறப்படும் ‘ஆர்’ பக்கத்தை எர்த் செய்துவிட்டால் நேர் எதிராக நடக்கும். லோ பிரஷர் ஸ்விட்சுக்கும் காயிலுக்கும் இடையே வயர் உரசிப் பாடியில் பட்டால் ஸ்விட்சுகளை எல்லாம் தாண்டி காயிலுக்கு கரண்ட் வந்துவிடும். கேஸே இல்லாமல் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. எர்த் இணைப்பே இல்லாமல் விட்டாலும் முதல் உரசல் மறைந்திருந்து இரண்டாவது உரசலில் இதே வேலையைக் காட்டும்.

இனி எரிந்த டிரான்ஸ்ஃபார்மரின் காரணத்தைத் தேடும் வழி. இதற்கு எங்கள் ஊரில் மலிவான கருவி ஒன்று இருக்கிறது. சங்ககிரி, நாமக்கல் என்று எந்த லாரி ஊரின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும் 24 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. ஹோல்டரில் போட்டு இரண்டு வயர் முனையில் கிளிப் வைத்துக்கொண்டால் போதும். கண்ட்ரோல் சர்க்யூட்டில் இதைத் தொடராகச் சேர்த்தால், எவ்வளவு பெரிய ஷார்ட் இருந்தாலும் 0.9 ஆம்பியருக்கு மேல் போகாது. புது டிரான்ஸ்ஃபார்மரைப் பலி கொடுக்காமல், ஃபியூஸை வீணாக்காமல் ஷார்ட்டைத் தேடலாம்.

ஐசொலேட்டரை ஆஃப் செய்து பூட்டி, மூன்று ஃபேஸிலும் மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். 24 வோல்ட் கடிக்காது, ஆனால் பக்கத்திலேயே 415 இருக்கிறது. கம்ப்ரசர், ஃபேன் கான்டாக்டர்களின் கீழ்ப்பக்கப் பவர் வயர்களைக் கழற்றி இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் சோதனையின்போது எதுவும் தவறி எழாது. செகண்டரி வயர் இரண்டையும் கழற்றி, பவர் கொடுத்து டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் அளக்க வேண்டும். லோடு இல்லாமல் 26, 27 வோல்ட் காட்டினால் பயப்பட வேண்டாம், சிறிய டிரான்ஸ்ஃபார்மரின் இயல்பு அது. லோடில் 24 பக்கம் வந்துவிடும். பிறகு ஆஃப் செய்து, ‘சி’ வயரைத் திரும்ப மாட்டி, ‘ஆர்’ வயருக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவே பல்பைச் சேர்க்க வேண்டும்.

கான்டாக்டர் காயில்களின் வயரைக் கழற்றிவிட்டுத்தான் இந்தச் சோதனை. இதைப் பலர் விட்டுவிட்டு ஏமாறுகிறார்கள். ஆர்மேச்சர் (காயில் இழுக்கும் இரும்புத் துண்டு) மூடாமல் திறந்திருக்கும் ஏசி காயில் நிறைய கரண்ட் இழுக்கும். பல்பு தொடரில் இருக்கும்போது கான்டாக்டர் இழுக்காது, ஆகவே நல்ல காயிலும் ஷார்ட் போலவே பல்பைப் பளிச்சென்று எரியவைக்கும். காயில்களையும் தெர்மோஸ்டாட் வயர்களையும் பிரித்துவிட்டு ஆன் செய்தால் பல்பு அணைந்தே இருக்க வேண்டும், போர்டுக்காக மிஞ்சிப் போனால் மங்கலாக ஒளிரலாம். எரிந்தால் கோளாறு மெஷினுக்குள்ளேயே. அணைந்திருந்தால் தெர்மோஸ்டாட் வயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்த வயரைச் சேர்த்ததும் பல்பு எரிகிறதோ அந்த வழியில் தேடலாம். காயில்களைத் தனியாக ஓம் பார்த்து, அதே மெஷினில் இருக்கும் அதே மாடல் கான்டாக்டரோடு ஒப்பிட வேண்டும். ஒன்று 10 ஓம், இன்னொன்று 4 ஓம் என்றால் அந்தக் காயிலுக்குள் சுற்றுகள் ஷார்ட்.

வயரில் ஷார்ட் என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் டிஸ்சார்ஜ் பைப். ஹை பிரஷர் ஸ்விட்ச் வயர் அதை ஒட்டித்தான் போகும். கொதிக்கும் பைப்பில் சாய்ந்து இன்சுலேஷன் உருகியிருக்கும். அடுத்து, தகரத்தில் துளை போட்டு வயர் நுழையும் இடம். ரப்பர் குரோமெட் வெயிலில் பொடிந்து உதிர்ந்திருந்தால் ஃபேன் அதிர்வில் தகர விளிம்பு வயரை அறுத்துவிடும். தென்னை மரம் மாடியைத் தொடும் இடங்களில் அணில் கடித்த வயர் சாதாரணம்.

வயரில் ஷார்ட் இல்லை, காயிலும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் டிரான்ஸ்ஃபார்மர் எரிகிறது என்றால் கான்டாக்டர் முழுதாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். மூடியபின் 8 அல்லது 10 விஏ போதும் என்ற காயில், மூடும் முன் 60 விஏ வரை இழுக்கும். சாதாரணமாக இது கண்ணிமைக்கும் நேரத்துக்குத்தான். ஆனால் பல்லி நசுங்கியிருந்தாலோ, எறும்பு கூடு கட்டியிருந்தாலோ, துரு ஏறியிருந்தாலோ ஆர்மேச்சர் பாதியில் நின்று அந்த 60 விஏ தொடர்ந்து ஓடும். காயிலும் சூடாகும், டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகும். நிட்டிங் பட்டறை மேல் நிற்கும் மெஷினில் இதைச் செய்வது பஞ்சுத் தூசு. கண்டென்சரை மூடுவது போலவே கான்டாக்டர் இடுக்கிலும் அது போய் அடைகிறது.

“ஏனுங்க, போன வருசம் வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு” என்று மண்டபக்காரர் சொன்னால், இடையில் என்ன சேர்த்தார்கள் என்று கேட்க வேண்டும். ஃபயர் டேம்பரை (தீப்பிடித்தால் காற்றுக் குழாயை மூடும் கதவு) இயக்கும் ஆக்சுவேட்டர், புதிய வைஃபை தெர்மோஸ்டாட், தண்ணீர் வெளியேற்றும் சின்ன பம்புக்கு ரிலே, எல்லாம் அதே 24 வோல்ட்டில் கொடுத்திருப்பார்கள். உட்கார்ந்து கூட்டினால் தெரிந்துவிடும். கான்டாக்டர் மூன்று, தலா 10 என 30. போர்டு 6, தெர்மோஸ்டாட் 3, ஆக்சுவேட்டர் 8, ரிலே 5. மொத்தம் 52 விஏ. 40 விஏ டிரான்ஸ்ஃபார்மர் இதைச் சுமக்காது. 75-ம் சமாளிக்கும்தான், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சுமையோடு இன்னொரு கான்டாக்டர் 60 விஏ கேட்கும் நொடியில் வோல்ட்டேஜ் விழும். எங்கள் கணக்கில் இந்த மெஷினுக்கு 100 விஏ. இரண்டு சிறிய டிரான்ஸ்ஃபார்மரை இணையாகக் கோத்துவிடுவது வேண்டாம். முனை மாறினால் இரண்டும் ஒன்றையொன்று எரிக்கும். ஃபயர் டேம்பருக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர், தனி ஃபியூஸ் என்று பிரித்துவிடுவதே நல்லது.

தெர்மோஸ்டாட் கீழே கல்லாப்பெட்டி பக்கத்திலும் மெஷின் மூன்று மாடி மேலேயும் இருக்கும்போது வயர் கனமும் கணக்கில் வரும். 0.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் கிலோமீட்டருக்கு 39 ஓம். 60 மீட்டர் தூரம் என்றால் போய்வர 120 மீட்டர், 4.7 ஓம். கான்டாக்டர் இழுக்கும்போது கேட்கும் 2.5 ஆம்பியருக்கு இதில் 11 வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடும். 1.5 சதுர மில்லிமீட்டர் போட்டாலும் 4 வோல்ட் போகும். மேலே மெஷினுக்குள் ஒரு சிறிய 24 வோல்ட் ரிலே வைத்து, தெர்மோஸ்டாட் அதை மட்டும் இயக்கட்டும், அந்த ரிலே கான்டாக்டரை இயக்கட்டும். அந்த வயரைப் பவர் கேபிள் போகும் குழாயிலேயே விட்டுவிடக் கூடாது. ஆஃப் ஆன வயரிலும் சில வோல்ட் தூண்டப்பட்டு போர்டு குழம்பும்.

வெளிநாட்டு மெஷினை மலிவாக எடுத்து வந்து மாட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தகட்டில் 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 460 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் 383 வோல்ட்தான் பொருந்தும். கொள்ளளவும் காற்றும் ஆறில் ஒரு பங்கு குறையும். உள்ளே இருக்கும் 60 ஹெர்ட்ஸ் கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் அதே வோல்ட்டில் 50 ஹெர்ட்ஸில் ஓடினால் காந்தப்புலம் 20 சதவீதம் கூடிச் சூடாகும். அதை எடுத்துவிட்டு 50 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியதைப் போட வேண்டும். கம்ப்ரசர் 50 ஹெர்ட்ஸுக்கும் அனுமதி பெற்றதா என்று தயாரிப்பாளரின் தகவலில் பார்க்காமல் அந்த மெஷினை வாங்கவே வேண்டாம்.

புதிது கிடைக்காவிட்டால் கோவையில் சுற்றித் தருவார்கள். மோட்டாரும் பம்பும் செய்யும் ஊர், நல்ல வைண்டிங் கை இருக்கிறது. ஆனால் “24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு வேணுங்க” என்று மட்டும் சொன்னால் எதுவும் வரலாம். பிரைமரி 0, 380, 415, 440. செகண்டரி 100 விஏ முழு லோடில் 24 வோல்ட். 50 ஹெர்ட்ஸ், காப்பர் வைண்டிங், கிளாஸ் எஃப் இன்சுலேஷன், பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே எர்த் ஷீல்டு, வார்னிஷில் முக்கி உலர்த்தியது. இதைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். முழு லோடில் என்ற வார்த்தை விட்டுப்போனால் லோடு இல்லாமல் 24 வைத்துவிடுவார்கள், லோடில் 21.5-க்கு இறங்கும்.

வாங்கும் முன் மேஜையிலேயே சோதிக்கலாம், மறுபடி அதே லாரி பல்பு. நான்கு பல்பை இணையாகப் போட்டால் 84 வாட். ஓடவிடும் முன் குளிர்ந்த நிலையில் பிரைமரி ஓமைக் குறித்துக்கொண்டு, நாலு மணி நேரம் கழித்து ஆஃப் செய்தவுடன் மறுபடி அளக்க வேண்டும். காப்பரின் ஓம் சூட்டோடு ஏறும். 30 டிகிரி அறையில் ஓம் 20 சதவீதம் ஏறியிருந்தால் வைண்டிங் 53 டிகிரி ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சித்திரை வெயிலில் கரூர், ஈரோடு மாடியில் மூடிய பேனலுக்குள் 55 டிகிரி என்று வைத்துக்கொண்டாலும் 108-ல் நிற்கும். கிளாஸ் எஃப் 155 வரை தாங்கும். ஓம் 40 சதவீதம் ஏறினால் அந்த வேலையைத் திருப்பிக் கொடுக்கலாம். மாட்டும்போது பேனலின் மேல் மூலையைத் தவிர்த்து, சூடு சேராத கீழ்ப்பகுதியில், ஆனால் மழைத் தண்ணீர் தேங்கும் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும்.

மெகர் (உயர் வோல்ட்டில் இன்சுலேஷனை அளக்கும் கருவி) பார்ப்பதென்றால் டிரான்ஸ்ஃபார்மரைத் தனியாகக் கழற்றி 500 வோல்ட்டில் பிரைமரிக்கும் பாடிக்கும், பிரைமரிக்கும் செகண்டரிக்கும் பார்க்கலாம். போர்டு சேர்ந்திருக்கும்போது மெகர் அடித்தால் போர்டு போய்விடும்.

மண்டபங்களுக்கு ஆடியும் மார்கழியும் வேலைக்கு உகந்த மாதங்கள். முகூர்த்தம் இல்லை, மெஷின் சும்மா நிற்கும். சும்மா நிற்கும் மெஷினில்தான் எலியும் எறும்பும் குடியேறும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த மார்கழியில் பேனலைத் திறந்து, கேபிள் நுழையும் கிளாண்டுகளையும் கதவு ரப்பரையும் பார்த்து, கான்டாக்டர்களைத் தூசி தட்டி, லக்குகளை முடுக்கி, கோடை இடிக்கு முன் இடி மின்னலில் திடீரென ஏறும் வோல்ட்டேஜைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டரின் ஜன்னல் நிறத்தையும் பார்த்துவிட்டால் தை முகூர்த்தத்துக்கு மெஷின் தயார். பேனல் கதவின் உட்பக்கம் மார்க்கரில் நான்கு விவரம் எழுதி வைக்க வேண்டும்: எந்த டேப், அன்றைக்கு லைன் வோல்ட், லோடில் செகண்டரி வோல்ட், இரண்டு ஃபியூஸின் ஆம்பியர். தேதியும் சேர்த்து. அடுத்து ஏறி வருகிறவர் யாராக இருந்தாலும் டேப்பை ஊகிக்க வேண்டியதில்லை.